மோர் குடித்த வண்டி

ஏழு வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. அதற்குக் காரணம் ஒரு பிக்கப் வண்டி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கணவர் இன்றைக்கும் நம்பவில்லை. எங்கள் முசரவாக்கத்தில் பெண் குழந்தைக்குப் பல் முளைத்த கையோடு காதில் தோடும் முளைத்துவிடும். நான் மட்டும் இரண்டாம் வகுப்பில் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்தேன். தோட்டைத் தொலைத்த பெண்கள்கூட ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வருவார்கள். அந்தக் குச்சிக்கும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பச்சைக்கல் பொட்டாக இரண்டை உரித்துக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். காலை வழிபாடு வரைக்கும் அது தோடுதான். வெயில் ஏறி வியர்க்க ஆரம்பித்ததும் ஒன்று கழுத்துக்கு இறங்கும், இன்னொன்று காணாமல் போகும். பக்கத்துப் பெண் அதைத் தன் சட்டையிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி என்னிடம் நீட்டுவாள். எங்கள் வீட்டு வண்டிக்கும் அதே வியாதிதான். காலையில் நன்றாக இருக்கும், சூடு ஏறினால் மானத்தை வாங்கிவிடும்.

வண்டி வந்த கதையை முதலில் சொல்லவேண்டும். அப்பா ஊர்க் கத்திரிக்காயையும் வெண்டைக்காயையும் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். வாடகை வண்டியை நம்பி அலுத்துப்போய், வாலாஜா பக்கம் ஒருவரிடமிருந்து பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வாங்குவதற்கு ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டார். சூரியன் எழும்பி, ராகுகாலம் பிறப்பதற்கு முன்னால் சாவி கைமாறவேண்டும் என்று உத்தரவு. அதனால் வண்டியை அவர் பார்த்ததெல்லாம் பனி விழுந்து சில்லென்று நின்றிருந்த விடியற்காலையில்தான். விற்றவர் சாவியைத் தொட்டார், வண்டி உறுமியது. அப்பா பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். புதிதாக வாங்கிய வண்டியை வீடு வந்து சேரும்வரை வழியில் அணைக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு சாஸ்திரம் உண்டு. அதையும் தவறாமல் காப்பாற்றினார். ஆகவே, சூடான வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கிற வாய்ப்பை எல்லா நல்ல நேரங்களும் ஒன்று சேர்ந்து அவருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டன.

கோளாறு இதுதான். ஆறிக் கிடந்தால் ஒரே அடியில் கிளம்பும். ஓடிச் சூடானபின் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் கிர்ரென்று சுற்றும், இஞ்சின் பிடிக்காது. மறுபடி ஆறுகிறவரை தவம் கிடக்கவேண்டும். அப்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை அணைப்பதே இல்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது, டீ குடிக்கும்போது, முடிவெட்டும் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது, வெளியே வண்டி புகைவிட்டுக்கொண்டே காத்திருக்கும். அணைத்தே தீரவேண்டுமென்றால் ஏரிக்கரைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்துவார், கிளம்பாவிட்டால் உருட்டிக்கொள்ளலாம்.

அந்த வண்டியைச் சாவியால் அணைக்க முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடதுபுறம் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர். அதை வெளியே இழுத்தால் இஞ்சினுக்கு டீசல் போவது நின்று, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். மறுபடி உள்ளே தள்ளிவைத்தால்தான் அடுத்த தடவை கிளம்பும். சாயங்காலம் வீடு வந்ததும் அந்தக் குமிழை இழுக்கிற உரிமை என்னுடையது. அவ்வளவு பெரிய வண்டி என் கையில் அடங்குவதில் எனக்கு ஒரே பெருமை.

எனக்கு ஐந்து வயதானபோது காது குத்த நாள் பார்த்தார்கள். எங்கள் குலதெய்வம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, கூரத்தில் இருந்தார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்காரவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. மாமா பட்டுப்பாவாடை, தோடு, பழம், பூ என்று தட்டுத் தட்டாகச் சீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவின் வண்டி கூரம் போய், சீர்த்தட்டுகளையும் மாமா வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் மாலை வாங்கப் பூக்கடைச் சத்திரத்தில் நின்றது. நிற்கிற இடம் நெருக்கடி, பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். அப்பா பழக்கம் மறந்து ஸ்டாப்பரை இழுத்துவிட்டார்.

அவ்வளவுதான். பூமாலை வந்தது, வண்டி கிளம்பவில்லை. முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. கல்யாணப் பட்டு வாங்க வந்த ஆந்திரா வண்டிகள் பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அத்தனை சொந்தக்காரர்களும் வெயிலில் இறங்கி நின்றார்கள். மாமாவுக்கு வண்டிதான் தொழில். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காதோடு சொல்லியிருக்கலாம்.

"டீசல் பம்ப் போயிட்டுக்குது மாப்ள. வாங்கறப்போ நல்ல நேரம் பாத்தீங்களே, வண்டியப் பாத்தீங்களா?" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அப்பா சீர்த்தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி நாளும் ஓடின வண்டி மச்சான். உங்க தட்டு ஏறின பிறகுதான் நின்னுச்சு," என்றார்.

மாமா வண்டியின் பின்பக்கம் போனார். தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அத்தையையும் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துக் கூரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆட்டோ கண்ணை விட்டு மறைந்து, அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா வெறுப்போடு சாவியை ஒரு திருப்புத் திருப்பினார். வண்டி ஒரே அடியில் கிளம்பியது.

இவ்வளவு நேரத்தில் ஆறியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "பாத்தியா, தட்டு எறங்கின உடனே கெளம்பிடுச்சு!" என்று அப்பாவின் பக்கத்துச் சொந்தங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. விழுந்த பழம் நேராக எங்கள் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு வண்டியின் கோளாறு வண்டியின் கோளாறாக இல்லை, ஒரு வழக்காகிவிட்டது. வண்டி பழுது என்றால் மாமா சொன்னது சரி, அப்பா போய்க் காலில் விழாத குறையாகக் கூப்பிடவேண்டும். வண்டி பழுதில்லை என்றால் மாமாவின் சீர் ராசியில்லாதது. எனவே அப்பா எந்த மெக்கானிக்கிடமும் வண்டியைக் காட்டவில்லை. எண்ணெய் மாற்றுவார், சக்கரம் மாற்றுவார், கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு கட்டுவார். பானெட்டை மட்டும் யாரையும் திறக்கவிடமாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நடுத்தெருவில் கிர்ரென்று கத்துகிற வண்டியை எதில் மறைப்பது?

ஒன்றுவிட்ட மாமன் யாராவது மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. "எங்கண்ணன் மடி இருக்கும்போது எம்பொண்ணு எதுக்கு எரவல் மடியில குந்தணும்?" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. ஆனால் வண்டி எங்காவது கிர்ரென்று சுற்றி நிற்கும்போதெல்லாம் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே அப்பா அவளை வண்டியில் ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. நான் ஒரு பொட்டு அட்டை தீர்ந்து அடுத்த அட்டைக்குப் போனேன்.

வைகாசி கருட சேவைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் காஞ்சிபுரத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். அந்த வருடம் பானைகளையும் மோர் கேன்களையும் ஏற்றிப்போனது எங்கள் வண்டி. அம்மா மோர் கலக்குகிறவளாதலால் அவளை ஏற்றாமல் தப்பிக்க அப்பாவுக்கு வழியில்லை. நானும் ஒட்டிக்கொண்டேன். பந்தல் ஓரமாக வண்டி வழக்கம்போல் உறுமிக்கொண்டு நின்றது. கூட்டம் கூடக் கூட, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் வந்து, இவ்வளவு ஜனத்துக்கு நடுவில் எதற்குப் புகை என்று கேட்டு, அப்பா பதில் தேடுவதற்குள் அணைக்கச் சொல்லிவிட்டார். நான்தான் ஸ்டாப்பரை இழுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் நாகஸ்வரம் கேட்டது. வெண்குடைகளின் உச்சி தெரிந்தது. அதே போலீஸ்காரர் ஓடிவந்து வண்டியை எடு எடு என்றார். அப்பா குமிழைத் தள்ளிச் சாவியைத் திருப்பினார். கிர்ர். மறுபடி கிர்ர். பெருமாள் கருடன்மேல் வந்துகொண்டிருக்கிறார், வழியில் கத்திரிக்காய் வண்டி நிற்கிறது. தள்ளலாமென்றால் முன்னும் பின்னும் மனிதத் தலைகள், சக்கரம் ஒரு சாண் நகர இடமில்லை.

காஞ்சிபுரத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமிருந்தாலும் யோசனைக்குப் பஞ்சமில்லை. பேட்டரி என்றார் ஒருவர். செல்ஃப் இவ்வளவு ஜோராகச் சுற்றும்போது பேட்டரியை ஏன் குறை சொல்கிறீர் என்று இன்னொருவர் மடக்கினார். டீசல் பைப்பில் காற்று ஏறியிருக்கும் என்றது ஒரு கட்சி. ஒரு பெரியவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். ஆந்திராவிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி "நெட்டண்டி, நெட்டண்டி" என்று தெலுங்கில் தள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்து, வைத்திருந்த திருமண் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது.

அப்போது மோர் டம்ளரோடு ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சட்டையில்லாத உடம்பு, பளிச்சென்று நாமம், இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி. டீசல் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகத் தானாகவே அறிவித்தார். ஆள் கொஞ்சம் ஆர்ப்பாட்டக்காரர், பார்க்க இத்தனை பேர் இருப்பதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

"காலைல எப்டிபா கெளம்புது?"

"ஒரே அடிதான்," என்றார் அப்பா.

"சூட்டுல?"

அப்பா குனிந்துகொண்டார். பந்தலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சூட்டுல கெளம்பாதுங்க. வாங்கினதுலேர்ந்து இப்டித்தான் இருக்குது."

கடைக்காரர் யாரையும் கேட்காமலே பானெட்டைத் தூக்கினார். இத்தனை நாள் யாரையும் அண்டவிடாத அப்பாவுக்கு அப்போது தடுக்கத் தெம்பில்லை. ஒரு துணியும் தண்ணீரும் கேட்டார் கடைக்காரர். துணிக்கு அப்பாவின் தோளில் இருந்த புதுத் துண்டு அகப்பட்டது. தண்ணீர் இல்லை, இருந்த தண்ணீரையெல்லாம் மோரில் ஊற்றிக் கலக்கியாகிவிட்டது.

"மோர்தான் இருக்குதுங்க," என்றாள் அம்மா.

"குடும்மா. பம்புக்கும் தாகம்தான்."

துண்டை மோர்ப் பானையில் முக்கிப் பிழியாமல் எடுத்து, கறிவேப்பிலையும் கொத்தமல்லியுமாகப் பம்பின்மேல் சுற்றினார். அது உஸ்ஸென்று ஆவி விட்டது. இன்னொரு சொம்பு மோரையும் மேலே ஊற்றினார். ஜுரக்காரக் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாகஸ்வரம் நெருங்கிக்கொண்டே வந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"இப்ப அடிபா."

அடித்தார். வண்டி பிடித்துக்கொண்டது. ஜனங்கள் "கோவிந்தா!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். அது குடை தெரிந்ததற்கா, வண்டி கிளம்பியதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா வண்டியைச் சந்துக்குள் நுழைத்து முடிப்பதற்கும் பெருமாள் எங்கள் பந்தலைத் தாண்டுவதற்கும் சரியாக இருந்தது.

கடைக்காரர் சந்துக்குள்ளும் வந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் போனார். "பம்பு உள்ள தேஞ்சிட்டுக்குதுபா. சூட்டுல டீசல் எளகி, தேஞ்ச சந்துல ஒழுகிடுது, இஞ்சினுக்குப் போய்ச் சேரல. ஆறினா கெட்டிப்படுது, கெளம்பிடுது. இது பழைய வியாதி. வித்தவன் உனக்குக் காலங்காத்தால காட்டியிருப்பான்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, வண்டியில சீர்த்தட்டு ஏத்தினா இப்டி நிக்குங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வண்டிக்கு இன்னாம்மா தெரியும், தட்டா மூட்டையான்னு?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. பந்தலுக்குத் திரும்பிப் போய், வந்தவர்களுக்கெல்லாம் டம்ளர் வழிய வழிய மோர் ஊற்றினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

பிறகு பம்பைக் கழற்றி, அதே கடைக்காரர் உள்ளே புதுச் சாமான் போட்டு மாட்டிக்கொடுத்தார். முறுக்கி முடித்த போல்டுகளின்மேல் அடையாளத்துக்கு மஞ்சள் பெயிண்டால் ஒரு தீற்றல். எண்ணெய்க் கறுப்பு இஞ்சினுக்கு நடுவில் அந்தப் பம்ப் மட்டும் மஞ்சள் குளித்த பெண்போலப் பளிச்சென்று இருந்தது. வண்டி எப்பேர்ப்பட்ட சூட்டிலும் தொட்டவுடன் கிளம்பியது. அப்பா தெருமுனைக்குத் தெருமுனை வேண்டுமென்றே அணைத்து அணைத்துக் கிளப்பினார். எனக்கு ஸ்டாப்பர் இழுத்துக் கை வலித்தது. வண்டிக்குள் புளித்த மோர் வாடை மட்டும் போகவில்லை. மார்க்கெட்டில் அதற்கு மோர்வண்டி என்று பெயர் நிலைத்து, சுற்றுப்பட்டு ஊர்கள் வரைக்கும் பரவிவிட்டது.

வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. இனி கூரம் போகவேண்டியதுதான் பாக்கி. அப்பா போகவில்லை. ஆனி போயிற்று, ஆடியில் நல்ல காரியம் பேசக்கூடாது என்று ஒரு மாதம் தள்ளினார். ஆவணி பிறந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டை எடுத்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டாள். நான் புது அட்டையிலிருந்து பொட்டு ஒட்டிக்கொண்டேன்.

மாமா வீட்டில் எங்களை வா என்றார்கள், உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். அத்தை என் கன்னத்தை வழித்து முத்தம் வைத்துக்கொண்டாள். ஆனால் மாமா கம்பெனிச் சீருடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மழை இல்லை என்றார். அப்பா ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, மழை இல்லைதான் என்றார். தட்டை நீட்டி, காது குத்த நாள் வைத்திருக்கிறோம், வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். வண்டி, பம்ப், பூக்கடைச் சத்திரம், எதைப்பற்றியும் ஒரு வார்த்தை வரவில்லை. வருமென்று அம்மா காத்திருந்தாள், மாமாவும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வரவில்லை.

"டூட்டி எப்டி இருக்குதோ. பாக்கலாம்," என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். ஏழு வயதில் எனக்கே அது தெரியும். காதிலிருந்து ஒரு பொட்டு நழுவி மடியில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி ஒட்டவும் எனக்கு மனமில்லை.

வண்டியில் ஏறினோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான். வழியனுப்ப மாமாவும் அத்தையும் வாசலில் நின்றார்கள். அப்பா சாவியைத் திருப்பினார்.

கிர்ர்ர்.

போயும் போயும் இந்த வீட்டு வாசலிலா? மறுபடி திருப்பினார். கிர்ர்ர், பிடிக்கவில்லை. பூக்கடைச் சத்திரம் கண்முன்னால் வந்தது. மாமா ஏதாவது சொல்வார், அப்பா ஏதாவது சொல்வார், நான் கிழவியாகும்வரை ஸ்டிக்கர் பொட்டுதான். "அப்பா, பம்பு புதுசாச்சே! கடைக்காரரு ஏமாத்திட்டாருப்பா!" என்று கத்த வாயெடுத்தேன். 'பம்பு' என்ற வார்த்தை முடிவதற்குள் அம்மா என் தொடையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளல் இல்லை, திருகல். வலியில் வாய் மூடிக்கொண்டது. கிள்ளியவள் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டு கசங்கும் என்று பார்த்துப் பார்த்து உட்காருகிறவளின் முந்தானை, அப்பாவின் இடது கைமேல் சரிந்து கிடந்தது. அதைக்கூட அவள் சரிசெய்துகொள்ளவில்லை.

மாமா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். ஜன்னல் பக்கம் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "சூட்டுலயா மாப்ள?" என்றார்.

"ஆமா மச்சான். சூட்டுலதான்," என்றார் அப்பா.

மாமா முழங்கை வரைக்கும் சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். நான் குதித்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். மஞ்சள் பெயிண்ட் பளபளக்கும் பம்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு போல்டைத் தடவினார். எத்தனை வருடம் பஸ் ஓட்டுகிறவர், புதுப் பம்ப் என்பது தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

பிறகு அத்தையிடம், "ஒரு துணிய நனைச்சு எடுத்துனு வா. தண்ணியிலயே நனை. மோரெல்லாம் வேணாம்," என்றார்.

அப்பாதான் முதலில் சிரித்தார். மாமா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்து முடியாமல், பானெட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தை கொண்டுவந்த ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டு, மஞ்சள் தீற்றல் ஒன்றுகூடத் தெரியாமல் நான்கு பக்கமும் இழுத்து மூடினார். அப்பா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். ஆறவேண்டுமே, அதுவரை என்ன செய்வது? பேசினார்கள். கம்பெனி பஸ்ஸைப் பற்றி, டீசல் விலையைப் பற்றி, வாலாஜாக்காரன் விடியற்காலையில் வண்டி காட்டியதைப் பற்றி. துணி காய்ந்து, அத்தை இன்னொரு முறை நனைத்துக் கொடுத்தாள். மறுபடியும் பேசினார்கள்.

"இப்ப அடிங்க மாப்ள," என்றார் மாமா கடைசியில்.

அப்பா ஏறி உட்கார்ந்து அடித்தார். ஒரே அடி.

"பாத்தீங்களா? அன்னிக்கே சொன்னேன், பம்புதான்னு."

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்," என்றார் அப்பா. இஞ்சின் சத்தத்தை மீறி, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா அப்போதுதான் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

இந்த வண்டியை நம்பி அவ்வளவு தூரம் எப்படிப் போவீர்கள், நான் கூட வந்தால்தான் ஆயிற்று என்று மாமா அலுத்துக்கொண்டார். சொன்னபடி வந்தார். பட்டுப்பாவாடை இரண்டு வருடத்தில் எனக்குச் சின்னதாகிப் போயிருந்ததால் புதிதாக வேறு எடுத்திருந்தார். பூக்கடைச் சத்திரத்தில் அப்பா வேண்டுமென்றே வண்டியை அணைத்து, மாலை வாங்கி, தொட்டவுடன் கிளப்பினார். மாமாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரத்துணி தயாராகச் சொட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் அதே மடியில் என்னை உட்காரவைத்து, தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதல் காது குத்தியதே தெரியவில்லை. இரண்டாவதற்கு அவர் கையைக் கடித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நெடுநாள் அந்தப் பம்ப் கடையைத் தாண்டும்போதெல்லாம் கடைக்காரரை முறைத்துக்கொண்டு போவேன். புதுப் பம்ப் என்று ஏமாற்றியவர். அன்றைக்கு மாமா இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் என்னவாகியிருக்கும்?

கல்லூரி முடித்துவிட்டு வந்து, மார்க்கெட் வேலையை நான் பார்க்க ஆரம்பித்த பிறகு, அதே வண்டியை ஒரு நாள் கூரத்தில் நிறுத்திக் காய் ஏற்றினேன். ஏற்றி முடித்து, சாவியைத் திருப்பினேன். கிர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் அப்படியே. எத்தனையோ வருடமாகக் கேட்காத சத்தம். பானெட்டைத் திறக்க இறங்கப் போனபோது முழங்காலில் ஏதோ இடித்தது. இழுத்த ஸ்டாப்பரை நான் உள்ளே தள்ள மறந்திருந்தேன். குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது இருந்த இடம், அன்றைக்கு அப்பாவின் இடது கைமேல் அம்மாவின் முந்தானை சரிந்து கிடந்த இடம்.

குமிழை உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன், மறுபடி தள்ளினேன். காய் ஏற்றியவர்கள் வந்து, பம்பா என்று கேட்டார்கள். பம்ப் நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். என் காது குத்தலுக்கு அப்புறம் பிறந்த என் தம்பியின் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். அப்பாவும் மாமாவும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மாமா என் கணவர் வீட்டார் யாரோ ஒருவரைப் பிடித்துவைத்து, "அன்னிக்கு நான் மட்டும் துணி போடலன்னா இவளுக்குக் காதே குத்தியிருக்க மாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையை ஆட்டி, "ஆமா, மச்சான் துணி போட்டதாலதான் கெளம்புச்சு," என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தியில் மோர் போதுமா என்று பார்க்கப் போய்விட்டாள்.